அணுக்கரு இணைவுக்குப் பணம் கொடுக்கலாம், ஆனால் எந்தப் பையிலிருந்து?

கேள்வி:
சீனாவில் ‘செயற்கைச் சூரியன்’ 1,066 விநாடி எரிந்ததாகச் செய்தி வந்திருக்கிறது. பிரான்சில் இந்தியாவும் கூட்டுச் சேர்ந்து இதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தை சோலாருக்கும் காற்றாலைக்கும் பள்ளிக்கரணை மாதிரியான சதுப்பு நிலங்களுக்கும் கொடுத்தால் இன்றைக்கே பலன் கிடைக்குமே? மேலே ஒரு சூரியன் தினமும் வந்து போகும்போது கீழே இன்னொன்று எதற்கு?

2025 ஜனவரி 22, இரவு

கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். (இணைவு என்றால், சூரியனுக்குள் நடப்பது போல லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பது.) சுற்றுச்சூழல் என்ற பெயரில் கொடுக்கவே வேண்டாம்.

26 வருடமாக வெல்டிங் ஆய்வாளர் வேலை பார்க்கிறேன். முதலில் திருச்சி துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள், இப்போது காற்றாலைக் கோபுரங்கள். இயற்பியல் படித்தவன் இல்லை, ஆனால் தேதியைக் கூட்டிக் கழிக்கத் தெரியும். புவி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க, 2019இல் இருந்த பசுங்குடில் வாயு வெளியீட்டை 2030க்குள் 43 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொல்லிவிட்டது. பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் கட்டும் இட்டர் இயந்திரத்துக்குப் போன ஜூலையில் புதிய அட்டவணை போட்டார்கள். ஆய்வு தொடங்குவது 2034. உண்மையான எரிபொருளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் (இரண்டும் கனமான ஹைட்ரஜன் வகைகள்) உள்ளே போவது 2039. கூடுதல் செலவு 500 கோடி யூரோ. இத்தனைக்கும் அது ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தயாரிக்கப் போவதில்லை. 50 மெகாவாட் வெப்பம் உள்ளே கொடுத்தால் 500 மெகாவாட் வெளியே வரும் என்று நிரூபிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

வீடு பற்றி எரியும்போது 2039இல் வரப்போகும் தண்ணீர் லாரிக்கு யாரும் முன்பணம் கட்ட மாட்டார்கள். உலகத்தில் எந்த இணைவுச் சோதனையும் போட்டதைவிட அதிகமாக எடுத்ததும் இல்லை.

ஜனவரி 23, காலை

மேலே கடைசி வரி தப்பு. பொறியியல் படிக்கும் ஒரு தம்பி திருத்தினார், நன்றி.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் லேசரால் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். எரிபொருள் உருண்டைக்குள் போனதைவிட வெளியே வந்தது அதிகம், அது நிஜம். ஆனால் அந்த லேசரைச் சுட மின்கம்பியிலிருந்து உறிஞ்சியது சுமார் 300 மெகாஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவாக எடுத்திருக்கிறார்கள். இரண்டு கணக்குமே உண்மைதான். செய்தியில் முதலாவது மட்டும் வந்தது.

ஜனவரி 23, மதியம்

அந்த 1,066 விநாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்பியிருக்கிறார்கள். ஹெஃபெய் நகரில் இருக்கும் ஈஸ்ட் இயந்திரத்தில் நடந்தது பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான, மின்னேறிய வாயுவை, காந்தப் புலத்துக்குள் அசையாமல் பிடித்து வைத்திருந்த சாதனை. 2023இல் 403 விநாடி, இப்போது 1,066. அதில் ஆற்றல் எதுவும் விளையவில்லை. அடுப்பு இடிந்து விழாமல் எவ்வளவு நேரம் சூடு தாங்கியது என்று பார்த்திருக்கிறார்கள், உலை வைத்துப் பொங்கவில்லை.

பொங்கிய கணக்கு வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஜெட் இயந்திரத்தைப் பாருங்கள். 2023 அக்டோபரில் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் எடுத்தார்கள். 19 யூனிட். ஒரு சாதாரண வீட்டுக்கு மூன்று நான்கு நாள் ஓடும். அதே ஆற்றலுக்கு 2 கிலோ நிலக்கரி எரிக்க வேண்டும். நான் பிறந்த தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. அந்தச் சாம்பலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 0.2 மில்லிகிராம் என்ற எண் சும்மா கடந்து போகிற எண் இல்லை.

ஜனவரி 26

விடுமுறை. காலையிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1986இல் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முள்ளக்காட்டில் காற்றாலைகள் வைத்தார்கள். நாட்டிலேயே முதலில் வந்த காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. நான் ஆறாம் வகுப்பு. அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். உப்பளத்துக்கு நடுவே ஒல்லியாகச் சில கம்பங்கள், உச்சியில் விசிறி. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “இத்தனை காசைக் கொட்டி விசிறி சுத்துதான். இதுல கரண்டு வந்து எந்த வீட்டுல லைட்டு எரியும்?” என்று கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அதற்குக் கோபுரம் செய்யும் பட்டறையில்தான் எனக்குச் சம்பளம். என் முதல் குறிப்பை மறுபடி படித்தேன். அந்தப் பெரியவர் கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன்.

சோலார் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் செல் செய்தது 1954இல். செயற்கைக்கோளுக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது என்றிருந்த பொருள். அப்போதே நிறுத்தியிருந்தால் இன்று ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்காது.

ஜனவரி 27

நேற்று எழுதியதில் உணர்ச்சி கொஞ்சம் கூடிவிட்டது. முள்ளக்காட்டு விசிறி சின்னதாக இருந்தாலும், சுற்றிய நாளிலிருந்தே கம்பியில் கரண்டு அனுப்பியது. 1955இல் ஜெனிவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழி கிடைத்துவிடும் என்று சொன்னார். இந்த வருடத்தோடு எழுபது ஆகிறது. இதுவரை ஒரு வீட்டுக்கும் விளக்கு எரியவில்லை. காற்றாலையை உதாரணம் காட்டினால் இந்த வித்தியாசத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 2

பட்ஜெட்டில் அணுசக்திக்கு 20,000 கோடி என்றதும் “பார்த்தீர்களா, இணைவுக்குக் கொட்டுகிறார்கள்” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. அது சின்ன அணு உலைகளுக்கான ஆராய்ச்சிப் பணம், அணுக்கருவைப் பிளக்கும் வகை. 2033க்குள் ஐந்து உலைகளாவது ஓட வேண்டும் என்பது இலக்கு. இணைவு தனி. காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே ஆதித்யா என்ற டோகாமாக் (பிளாஸ்மாவைக் காந்தத்தால் பிடித்து வைக்கும் இயந்திரம்) 1989 முதல் ஓடுகிறது. அப்புறம் இட்டர் கட்டுமானத்தில் நம் பங்கு சுமார் 9 சதவீதம். பெரும்பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் பாகங்களாகச் செய்து கொடுக்கிறோம்.

கேள்வி கேட்டவர் ‘பணத்தை அங்கே கொடுக்காமல் இங்கே கொடுத்தால்’ என்கிறார். எவ்வளவு பணம் என்று பார்த்தால் இந்த வாதமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. உலகம் முழுக்க இணைவுத் தனியார் நிறுவனங்கள் இதுவரை திரட்டியது, போன வருடக் கணக்குப்படி, 710 கோடி டாலர். மாசில்லா ஆற்றலுக்கு 2024 என்ற ஒரே வருடத்தில் உலகம் போட்ட பணம் ஏறக்குறைய 2 லட்சம் கோடி டாலர். நூறு ரூபாய்க்கு முப்பத்தைந்து காசு. அதுவும் பல வருடச் சேர்க்கையை ஒரு வருடத்தோடு ஒப்பிட்டு. அதே 2024இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்குப் போன முதலீடு ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல். 2022இல் அரசாங்கங்கள் இவற்றுக்கு நேரடியாகக் கொடுத்த மானியம் மட்டும் 1.3 லட்சம் கோடி டாலர்.

அதனால் இணைவும் காற்றாலையும் ஒரே சோற்றுப் பானைக்காக அடித்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். பானையில் பெரிய பங்கு ஒன்றை அள்ளுகிறவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் முதல் பதிலில் அவரைப் பார்க்காமலே பேசிவிட்டேன்.

பிப்ரவரி 5

‘அணு’ என்ற சொல்லைக் கேட்டாலே வேண்டாம் என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். கூடங்குளம் அணு உலைக்குப் பக்கத்திலிருக்கும் இடிந்தகரையில் உறவினர்கள் இருக்கிறார்களாம். அந்த ஊர்க்காரர்கள் பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அக்கா. இட்டருக்குள் ஒரு நேரத்தில் இருக்கும் எரிபொருள் ஒரு கிராமுக்கும் குறைவு. எங்காவது காற்று புகுந்தாலோ காந்தம் நின்றாலோ பிளாஸ்மா அந்த நொடியே அணைந்துவிடும். ஃபுகுஷிமா மாதிரி உலை உருகி ஓடுவது இதில் முடியாது. ஆனால் கதிரியக்கமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிரிட்டியம் கதிரியக்கப் பொருள். வெளியே பாயும் நியூட்ரான்கள் சுவர் இரும்பையும் கதிரியக்கமாக்கும். லட்சம் வருடம் காவல் காக்கும் கழிவு இல்லை, நூறு வருடக் கணக்கில் பாதுகாக்க வேண்டியது. உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிப்ரவரி 9

டிரிட்டியம் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்டவருக்கு.

இது எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். வெல்டுக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு ‘கேமரா’ உண்டு. உள்ளே கடுகளவு இரிடியம் 192 என்ற கதிரியக்கப் பொருள், அதைத்தான் ‘சோர்ஸ்’ என்போம். வெல்டுக்கு ஒரு பக்கம் ஃபிலிமை ஒட்டி, மறுபக்கத்திலிருந்து சோர்ஸை வெளியே தள்ளி, தூரப் போய் நின்றுகொள்வோம். புதுச் சோர்ஸ் என்றால் ஒரு ஃபிலிமுக்கு நான்கு நிமிடம் போதும் என்று வையுங்கள். 74 நாள் கழித்து அதே ஃபிலிமுக்கு எட்டு நிமிடம். இன்னொரு 74 நாள், பதினாறு. வேலை வந்தாலும் வராவிட்டாலும் சோர்ஸ் கரைந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தாலும் கரையும். ஆர்டர் தாமதமான மாதங்களில் அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

டிரிட்டியமும் அப்படி. 12.3 வருடத்தில் பாதி. வருடத்துக்கு 5.5 சதவீதம் தானாகப் போய்விடும். உலகத்தில் விலைக்குக் கிடைக்கும் இருப்பு சுமார் 25 கிலோதான். அதில் பெரும்பகுதி கனடாவின் கனநீர் உலைகளிலிருந்து வருவது, அவற்றுக்கும் வயதாகிறது. ஆயிரம் மெகாவாட் இணைவு உலை வருடம் முழுக்க ஓட வேண்டுமென்றால் எரிப்பதற்கு மட்டும் 55 கிலோவுக்கு மேல் வேண்டும். அதனால் உலையே தன்னைச் சுற்றியுள்ள லித்தியத்தில் நியூட்ரானை மோதவிட்டு, தனக்கான டிரிட்டியத்தை விளைவித்துக்கொள்ள வேண்டும். விதை நெல்லைத் தானே எடுத்து வைக்கிற மாதிரி. இதுவரை எந்த இயந்திரமும் அதைச் செய்து காட்டியதில்லை. கடலில் எரிபொருள் அள்ள அள்ளக் குறையாது என்று எழுதுகிறவர்கள் சொல்வது டியூட்டிரியத்தை. அது நிஜமாகவே குறையாது. முள்ளக்காட்டுக்குப் போகிற அதே சாலைப் பக்கம், ஸ்பிக் உர ஆலையை ஒட்டிக் கனநீர் ஆலை இருந்தது. கனநீர் என்றால் டியூட்டிரியம் சேர்ந்த தண்ணீர்தான். சிக்கல் அதில் இல்லை, இன்னொரு பாதியில் இருக்கிறது.

பிப்ரவரி 15

எழுதலாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டது இது. என் எண்ணம் முழுதாக மாறியதற்கு இதுதான் காரணம், அதனால் எழுதிவிடுகிறேன்.

பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு பாத்திரம் செய்தோம். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு, அதாவது அழுத்தம் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்ப வேண்டும். இந்த எஃகுக்கு உப்பில் இருக்கும் குளோரைடு ஆகாது, விரிசல் விடும், தண்ணீரில் அது எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. அன்றைக்கு லாரித் தண்ணீர் வரவில்லை. போர்வெல் தண்ணீரை நிரப்பினார்கள். டெஸ்ட் பாஸ். வடித்துவிட்டார்கள், ஆனால் சரியாகக் கழுவவில்லை. ஒரு நாசில் (குழாய் வாய்) இணைப்புக்கு அடியில் கொஞ்சம் தங்கிக் காய்ந்துவிட்டது. அன்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

வாங்கியவர்கள் சூடான வேலைக்கு அதைப் போட்டார்கள். எட்டாவது மாதம் கசிவு என்று போன். நான்தான் போனேன். வெல்டைச் சுற்றித் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, காத்திருந்து, துணியால் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தேன். ஒரு நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் வெள்ளையில் சிவப்பாக ஒரு முடி இழை. அதிலிருந்து இரண்டு, அதிலிருந்து நான்கு. ஆலமர வேர் மாதிரி கிளை கிளையாக மேலே வந்துகொண்டே இருந்தது. நிறுத்தவே இல்லை. நாங்கள் ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமில் அந்த வெல்டு பழுதே இல்லாமல் இருந்தது. பட்டறை அறிக்கையில் ‘பயன்படுத்தியவர் தவறு’ என்று எழுதினார்கள். போர்வெல் தண்ணீர் என்ற வார்த்தை எங்கும் வரவில்லை. அடுத்த பாத்திரத்துக்கும் அதே தண்ணீர்.

இனி இட்டருக்கு வருகிறேன். 2022 நவம்பரில் அவர்களே வெளியே சொன்னார்கள்: வெப்பத் தடுப்புக் கவசத்தின் குளிரூட்டும் குழாய்களில் விரிசல், 2.2 மில்லிமீட்டர் ஆழம் வரை. காரணம், குழாயை வளைத்து வெல்டு செய்ததில் தங்கிய இறுக்கம், கூடவே வெல்டு ஓரத்துச் சந்துகளில் தேங்கிய குளோரின் எச்சம். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தின் மிகச் சிக்கலான இயந்திரத்தில் வந்ததும், எங்கள் பட்டறை போர்வெல் தண்ணீரில் வந்ததும் ஒரே நோய்.

அவர்கள் செய்தது வேறு. பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் வெற்றிடக் கலத்தின் துண்டுகளில் வெல்டு விளிம்பு அளவு பொருந்தவில்லை என்பதையும் கூடவே சொன்னார்கள். ஏற்கெனவே குழிக்குள் இறக்கிப் பொருத்திய துண்டை 2023இல் கிரேன் வைத்து வெளியே தூக்கினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களை மாற்ற முடிவெடுத்தார்கள். அட்டவணை தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். முதல் குறிப்பில் நான் குற்றமாகச் சொன்ன அதே தாமதம்தான்.

ஒரு ஆய்வாளனாகச் சொல்கிறேன், இறக்கியதைத் திரும்பத் தூக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். யாருக்குப் பணம் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், தேதி சொல்கிறவரைவிடத் தப்பைச் சொல்கிறவருக்குக் கொடுப்பேன். 2028, 2030 என்று ஒப்பந்தம் போடும் தனியார் கம்பெனிகளையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அவர்களுடைய விரிசல் பட்டியலும் எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 16

“வேலை கற்றுக்கொள்ளவா இத்தனை கோடி?” என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், ஓரளவுக்கு அதற்கும்தான். இட்டரைச் சுற்றி மூடும் கிரையோஸ்டாட் என்ற ராட்சத எஃகுக் கலம் 3,850 டன், கிட்டத்தட்ட முப்பது மீட்டர் உயரம், அதே அகலம். குஜராத்தின் ஹசீராவில் 54 துண்டுகளாகச் செய்து கப்பலில் அனுப்பினோம். 1,250 டன் அடிப்பாகத்தை 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், குழிக்குள் இறக்கினார்கள். என்னோடு பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர். அந்த அளவில், அந்தத் துல்லியத்தில் வெல்டு செய்யக் கற்றவர்கள் இன்று வேறு எங்கெங்கோ இருக்கிறார்கள். அந்த வேலை காற்றாலைக் கோபுரத்துக்கும் வரும்.

பிப்ரவரி 19

ஈஸ்ட் சாதனை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பிப்ரவரி 12 அன்று கடராஷிலேயே இருக்கும் வெஸ்ட் இயந்திரம் 1,337 விநாடி பிளாஸ்மாவைப் பிடித்து வைத்திருக்கிறது. 22 நிமிடத்துக்கு மேல். நேற்று அறிவித்தார்கள். இதிலும் ஆற்றல் விளையவில்லை, ஜனவரி 23 குறிப்பில் சொன்னதே இதற்கும். எனக்கு இதில் பிடித்தது, இத்தனை நேரம் கழித்தும் உள் சுவர் கெடாமல் இருந்ததுதான். சண்டை எப்போதும் சுவரோடுதான்.

பிப்ரவரி 22

எவ்வளவு கொடுக்கலாம், எங்கிருந்து கொடுக்கலாம் என்று நேராகச் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

இட்டருக்கு ஒத்துக்கொண்ட பங்கை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். காந்திநகர் ஆய்வகத்துக்கு வருடா வருடம் ஏற்ற இறக்கமில்லாமல் கொடுக்க வேண்டும், இளம் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடாமல் இருக்க. நியூட்ரான் அடிக்கும் இரும்பு, டிரிட்டியம், வெல்டு, இந்த மூன்றுக்கும் தனியாகக் கொடுக்கலாம். எல்லாம் அறிவியல் பையிலிருந்து. காலநிலைக்கென்று ஒதுக்கிய பையில் கை வைக்கக் கூடாது. 2030க்குள் இணைவு ஒரு டன் கரியமிலவாயுவைக்கூடக் குறைக்காது. குறைக்கும் என்று சொல்லி வாங்கினால் அது பொய்.

காலநிலைப் பைக்கு இங்கே வேலை காத்துக் கிடக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் நின்று பாருங்கள், சட்டை பிய்ந்து போகும் காற்று. அந்தச் சீசனில் சில நாட்கள் காற்றாலையை நிறுத்து என்று உத்தரவு வரும். வாங்க ஆள் இல்லை, அல்லது கம்பி தாங்காது. நான் கையெழுத்துப் போட்ட கோபுரங்கள் காற்றில் சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. அந்தக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் கீழே விட்டு எடுக்க காடம்பாறையில் 400 மெகாவாட் இருக்கிறது, 1980களில் கட்டியது. நீலகிரியில் குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் கட்டுமானத்தில் இருக்கிறது. இவற்றுக்கும், கம்பிக்கும், பேட்டரிக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. சதுப்பு நிலத்துக்கும் அப்படியே. பள்ளிக்கரணை 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்துவிட்டது. அங்கே இப்போது தேவை பணத்தைவிட எல்லைக்கல்.

பிப்ரவரி 22, இரவு

ஒரு சின்னக் கணக்கு. ஈஸ்டுக்கும் வெஸ்டுக்கும் வித்தியாசம் 271 விநாடி. நாலரை நிமிடம். புதுச் சோர்ஸ் இருந்தால் நாங்கள் ஒரு ஃபிலிம் எடுக்கிற நேரம்தான். திங்கள்கிழமை புதுச் சோர்ஸ் வருகிறது.